ஒரு கோப்பு ஏன் நிற்கிறது: லஞ்சத்தின் கணக்கைப் படிப்பது எப்படி

2003-லிருந்து ஒரு தாலுகா அலுவலக வாசலுக்கு எதிரே மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறேன். அப்போது டைப்ரைட்டர், இப்போது லேப்டாப்பும் பிரிண்டரும். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, நில அளவை, ஆக்கிரமிப்புப் புகார் என்று எல்லாம் இந்த மேசை வழியாகத்தான் போகும். வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர், மனுவில் என்ன எழுத வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே, "அக்கா, இதுக்கு உள்ளே எவ்வளவு ஆகும்?" என்றுதான் கேட்பார்கள்.

போன மாதம் என் அக்கா மகள் வந்தாள். முதுகலை படிக்கிறாள். வளரும் நாடுகளில் ஊழல் என்ற தலைப்பில் கட்டுரை எழுத வேண்டுமாம். நிறையக் குறிப்பெடுத்திருந்தாள். "ஒருத்தர் பண்பாடுதான் காரணம்கிறார், ஒருத்தர் சம்பளம் குறைவுங்கிறார், ஒருத்தர் அரசியல்ங்கிறார், எதைப் பிடிச்சுக்கிட்டுப் போறது சித்தி?" என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். கட்டுரை எழுதுகிறவர்களுக்கும் உதவும், நாளைக்கே ஒரு மனுவோடு அலுவலகப் படி ஏற வேண்டியவர்களுக்கும் உதவும்.

முதலில் வார்த்தைகளைக் கேளுங்கள்

லஞ்சம் என்ற சொல்லை வாங்குகிறவரும் சொல்ல மாட்டார், கொடுக்கிறவரும் சொல்ல மாட்டார். எங்கள் டீக்கடையில் ஒரு வாரம் உட்கார்ந்தால் வேறு சொற்கள்தான் காதில் விழும். தலையாரிக்குக் கொடுப்பது டீ செலவு. அளக்க வருகிறவருக்குக் கொடுப்பது வண்டிச் செலவு. உள்ளே மேசைக்குப் போவது 'ஃபார்மாலிட்டி'. 'சாரைக் கவனிச்சாச்சா' என்றால் பணம் கைமாறிவிட்டதா என்று அர்த்தம். காண்ட்ராக்டர்கள் பேச்சில் அது பர்சன்டேஜ். நோட்டுப் புத்தகத்தில் சொல்லை மட்டும் எழுதாதீர்கள்; யார், யாரைப் பற்றி, எந்த வேலைக்காகச் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். யார் கைக்கு எந்தப் பெயரில் போகிறது என்று தெரிந்தால் அலுவலகத்தின் படிநிலையே தெரிந்துவிடும்.

மாமூல் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். அரபியிலிருந்து வந்தது, 'வழக்கமானது' என்று பொருள். வெள்ளம் வடிந்த பிறகு நகரம் மாமூல் நிலைக்குத் திரும்பியது என்று பத்திரிகையில் போடுவார்கள். தள்ளுவண்டிக்காரர் வாராவாரம் கொடுப்பதும் மாமூல்தான். இயல்பு வாழ்க்கைக்கும் பறித்துக்கொள்ளும் பணத்துக்கும் நம்மிடம் ஒரே சொல். இதை முதன்முதலில் கவனித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று முழுக்க மனசே சரியில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் கிடையாது. கென்யாவில் சுவாஹிலி மொழியில் 'கிட்டு கிடோகோ' என்பார்கள். சின்னதாக ஏதாவது என்று பொருள். இந்தோனேசியாவில் 'உவாங் ரோக்கோக்', அதாவது சிகரெட் காசு. மெக்சிகோவில் 'மோர்திதா', கடி. முதல் இரண்டும் வாங்குகிறவரின் கூச்சத்தை மறைக்கிற சொற்கள். மூன்றாவதில் கடிபட்டவரின் குரல் இருக்கிறது. எந்த ஊரில் எது புழங்குகிறது என்பதே ஒரு செய்தி.

பண்பாடுதான் காரணம் என்பவர்கள் இந்த இடத்தில் பழைய காலத்தைக் காட்டுவார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. கிராமத்துக் கணக்குப்பிள்ளைக்கும் காவல்காரருக்கும் களத்திலிருந்தே நெல் போன காலம் ஒன்று இருந்தது. மேரை என்று பெயர். அன்றைக்கு அது கூலி. 1980-ல் தமிழ்நாட்டில் கர்ணம், மணியம் பதவிகளை எடுத்துவிட்டு, பிறகு முழுநேரச் சம்பளத்தில் கிராம நிர்வாக அலுவலர்களைப் போட்டார்கள். சம்பளம் வந்த பிறகும் கை நீண்டால் அதற்குப் பெயர் மேரை ஆகாது. பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைப் பண்பாடு விளக்கும். இன்றைக்கு அது ஏன் நிற்காமல் ஓடுகிறது என்பதற்கு வேறு இடத்தில் தேட வேண்டும்.

அலைச்சலுக்கு விலை போடுங்கள்

சட்டப்படி அந்த வேலைக்கு என்ன வழி, என்ன கட்டணம் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் யார் சொல்வதையும் எடைபோட முடியாது. பட்டா மாறுதலையே எடுத்துக்கொள்வோம். பத்திரப்பதிவு முடிந்ததும் நிலம் பெயருக்கு வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பதிவுத்துறை வேறு, வருவாய்த்துறை வேறு. வாங்கியது ஒரு சர்வே எண் முழுவதும் என்றால் அது உட்பிரிவு தேவையில்லாத இனம். காகிதத்தைப் பார்த்தே முடிக்கலாம். ஒரு பகுதி மட்டும் வாங்கியிருந்தால் உட்பிரிவு உள்ள இனம்; சர்வேயர் நேரில் வந்து அளந்து, புலப்படத்தில் கோடு போட்டு, புது எண் கொடுக்க வேண்டும். காகிதத்தோடு முடிகிற வேலையில் லஞ்சம் குறைவு. ஒரு மனிதர் நேரில் வந்தால்தான் நடக்கும், எப்போது வருவார் என்பது அவர் கையில்தான் இருக்கிறது என்ற வேலையில் லஞ்சம் கூடுதல். இருபது வருடத்தில் இதற்கு மாறாக நான் கண்டதில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு கூலித் தொழிலாளி தாலுகா அலுவலகம் வர வேண்டுமென்றால் ஒரு நாள் கூலி போகும், 500 ரூபாய் என்று வையுங்கள். பஸ், டீ, ஜெராக்ஸ் என்று இன்னொரு 100. நாலு தடவை அலைந்தால் 2,400. டீக்கடையில் புரோக்கர் கேட்கிற தொகை எவ்வளவு இருக்கும்? 2,000. இது தற்செயலாக வருவதில்லை. உங்கள் அலைச்சலுக்கு என்ன விலையோ அதற்குக் கொஞ்சம் கீழேதான் ரேட் நிற்கும். வெளிநாட்டிலிருந்து பத்து நாள் லீவில் வந்தவருக்கு அதே வேலைக்கு ரேட் ஏறிவிடும், அவருடைய நாளுக்கு மதிப்பு அதிகம் என்பதால். உள்ளூரில் இருக்கிற, பேரம் பேசத் தெரிந்த, கட்சியில் ஆளை வைத்திருக்கிறவருக்கு இறங்கும்.

இதைப் புரிந்துகொண்டால் அடுத்தது தானாகப் புரியும். அலைச்சல் கூடினால் ரேட் கூடும் என்றால், அலைச்சலை உண்டாக்குவது ஒரு தொழிலாகிவிடும். 1960-களில் மேலைநாட்டு அறிஞர்கள் சிலர், லஞ்சம் என்பது துருப்பிடித்த சக்கரத்துக்குப் போடும் எண்ணெய், நிர்வாகம் ஓட அதுவும் உதவுகிறது என்று எழுதினார்கள். அதே காலத்தில் இங்கே தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. சந்தானம் தலைமையில் ஒரு குழு, 1962-ல் அமைக்கப்பட்டு 1964-ல் அறிக்கை கொடுத்தது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பிறந்தது அந்தக் குழுவால்தான். வேகப் பணம் என்று ஒன்று இருப்பதையும், அதை வாங்குவதற்காகவே கோப்புகள் வேண்டுமென்று தாமதமாவதையும் அந்தக் குழு பேசியது. என் மேசையிலிருந்து பார்த்தால் சந்தானம் குழு சொன்னதுதான் சரி. எண்ணெய் விற்கிறவர் கையிலேயே சக்கரமும் இருந்தால், துரு எப்படிக் குறையும்?

ஒரு பாட்டியின் மனுவைச் சொல்கிறேன். கணவர் வாங்கி விட்டுப்போன 37 சென்ட். உட்பிரிவு செய்ய வேண்டும். நான்தான் எழுதிக் கொடுத்தேன், பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுத்தோம். அந்த இயந்திரத்தில் அப்போது ஒரு கோளாறு, எல்லாப் பக்கத்திலும் இடது ஓரமாக ஒரு கறுப்புக் கோடு விழும். பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தில் அந்தக் கோடு சாட்சியின் கையெழுத்து மேலேயே விழுந்திருந்தது. இரண்டரை மாதம் கழித்து மனு தள்ளுபடி. காரணம் ஒரே வரி: 'ஆவணங்கள் தெளிவாக இல்லை.' பாட்டி பதறிப்போய் என்னிடம் வரவே இல்லை, நேரே டீக்கடைக்குப் போய்விட்டார். 6,000 ரூபாய். மறுபடி மனு போட்டபோது இணைத்தது அதே ஜெராக்ஸ் கட்டுதான். கறுப்புக் கோடு விழுந்த அதே மூன்றாம் பக்கம். பதினெட்டு நாளில் பட்டா வந்துவிட்டது. தள்ளுபடி உத்தரவையும் ஏற்பு உத்தரவையும் இரண்டு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். அக்கா மகளிடம் அவற்றைத்தான் முதலில் காட்டினேன். இரண்டுக்கும் நடுவில் மாறியது என்ன என்று கேள், அதுதான் உன் கட்டுரை என்றேன்.

நானும் கொடுத்திருக்கிறேன். 2009-ல் அப்பா இறந்த பிறகு வாரிசுச் சான்றுக்கு 1,500 ரூபாய். விதி எனக்குத் தெரியும், ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுப்பவளும் நான்தான். ஆனால் அந்தச் சான்று இல்லாமல் அம்மாவின் பென்ஷன் நின்றிருந்தது, மருந்துக் கடையில் கடன் ஏறிக்கொண்டிருந்தது. அந்த 1,500 இன்னும் எனக்கு உறுத்துகிறது. அதனால்தான், கொடுக்கிறவர்களைத் திட்டி எழுதும் கட்டுரைகளை என்னால் முழுசாகப் படிக்க முடிவதில்லை.

பணம் எங்கே போகிறது என்று பின்தொடருங்கள்

கவுண்டரில் வாங்குகிறவரோடு நின்றுவிட்டால் பாதிதான் தெரியும். ராபர்ட் வேட் என்ற ஆய்வாளர் தென்னிந்தியக் கால்வாய்ப் பாசனத்தை ஊர் ஊராகப் பார்த்து 1982-ல் எழுதிய ஆய்வு இதற்கு நல்ல வழிகாட்டி. பொறியாளர்கள் விவசாயிகளிடமும் காண்ட்ராக்டர்களிடமும் வசூல் செய்கிறார்கள். அதில் ஒரு பங்கு மேலதிகாரிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் போகிறது. எந்த இடத்துப் பதவிக்கு என்ன விலை என்பது, அங்கே எவ்வளவு வசூலாகும் என்பதைப் பொறுத்து இருக்கிறது. கொடுக்காதவர் இடமாற்றம் செய்யப்படுகிறார். இதைத்தான் அவர் கண்டது. ஓர் இடமாற்றம் வந்தால், வந்தவர் அந்த இடத்துக்காகப் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க வேண்டும்.

ஆகவே ஓர் அலுவலகத்தைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை: இங்கே வருவதற்குப் போட்டி உண்டா? வந்தவர் எத்தனை மாதம் இருக்கிறார்? யாருமே வர விரும்பாத மேசை எது? எங்கள் அலுவலகத்தில் ஒரு நேர்மையான தாசில்தார் இருந்தார். ஏழே மாதம். அவர் இருந்தபோது டீக்கடைப் புரோக்கர்கள் வேறு தாலுகாவுக்குப் போய்விட்டார்கள். அவர் மாற்றலாகிப் போன மறுவாரம் திரும்பி வந்தார்கள். தனிமனிதரின் குணம் முக்கியம்தான், அதை நான் கண்ணால் பார்த்தேன். அந்தக் குணத்தை ஏழு மாதத்துக்கு மேல் உட்கார விடாத ஏற்பாட்டையும் பார்த்தேன்.

ஊழல் தரவரிசைப் பட்டியல்களைப் பற்றி ஒரே வார்த்தை. டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 1995-லிருந்து வெளியிடும் குறியீடு, தொழில்துறையினரும் வல்லுநர்களும் ஒரு நாட்டைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதைத் தொகுத்துத் தருவது. பாட்டியின் 6,000 ரூபாய் அதில் ஏறாது. நாடுகளை ஒப்பிடப் பயன்படுத்துங்கள், உங்கள் தாலுகாவைப் புரிந்துகொள்ள அதை நம்பாதீர்கள்.

பணத்தை வழிநெடுகப் பின்தொடர்ந்த ஆய்வு என்றால் உகாண்டாவைச் சொல்லலாம். அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு அனுப்பிய மானியம் உண்மையில் பள்ளிக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று 1991 முதல் 1995 வரைக்குக் கணக்கெடுத்தார்கள். சராசரியாக 13 சதவீதம். பிறகு எவ்வளவு அனுப்பினோம் என்பதைச் செய்தித்தாளில் போட்டார்கள், பள்ளிச் சுவரிலும் ஒட்டினார்கள். சில வருடங்களில் 80 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது. அந்த முன்னேற்றம் முழுவதும் செய்தித்தாளால்தானா என்று பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதே சமயத்தில் வேறு சீர்திருத்தங்களும் நடந்தன. இருந்தாலும் தலைமையாசிரியர் ஒருவர், 'எனக்கு இவ்வளவு வர வேண்டும்' என்று தொகையோடு கேட்க முடிந்தது என்பதே பெரிய விஷயம்.

நாள், எண், காகிதம்

சரி, மனுவோடு நிற்பவர் என்ன செய்வது? அலைச்சலின் விலையைக் குறைப்பதுதான் வழி. அதற்கு முதல் ஆயுதம் ஒப்புகைச் சீட்டு. இ-சேவை மையத்தில் போட்டால் மனு எண்ணோடு ரசீது வரும், பத்திரமாக வையுங்கள். நேரில் கொடுத்தால் இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். "சார்கிட்ட குடுத்துட்டேன்" என்று வெறுங்கையோடு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். தேதி இல்லாத மனு கொடுக்காத மனு.

30 நாள் பார்த்தும் நகரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். ராஜஸ்தானில் வேலைக்குப் போன கிராமத்து மக்கள், தங்கள் கூலிக் கணக்கு ஏட்டைக் காட்டு என்று தெருவில் உட்கார்ந்து கேட்ட போராட்டம்தான் இந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுத்தது. 1997-லேயே இந்தியாவில் முதலாவதாகத் தமிழ்நாடு ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டது, ஆனால் விதிவிலக்குகள் மலிந்த சட்டம். 2005-ன் மத்தியச் சட்டம்தான் கையில் பிடிக்கிற மாதிரி இருந்தது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

ஒரே ஒரு கவனம்: 'ஏன்' என்று கேட்காதீர்கள். ஏன் தாமதம், ஏன் தள்ளுபடி என்று கேட்டால், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று பதில் வந்துவிடும். ஏட்டில் இருப்பதைக் கேளுங்கள். நான் எழுதிக் கொடுப்பது இப்படி இருக்கும்:

'எனது மனு எண் இது, தேதி இது. இந்த மனு எந்தெந்த அலுவலரிடம் எந்தத் தேதியில் வந்து எந்தத் தேதியில் சென்றது என்ற விவரம், அவர்களின் பதவிப் பெயருடன் தருக. ந.க. எண்ணுடன் கோப்பின் அனைத்துப் பக்கங்களின் நகல் தருக. எனது மனுவுக்குப் பின் அடுத்த 60 நாட்களில் பெறப்பட்ட இதே வகை மனுக்களின் பெறப்பட்ட தேதி, முடிக்கப்பட்ட தேதி ஆகியவற்றைக் காட்டும் தன்பதிவேட்டின் நகல் தருக.'

ந.க. எண் என்பது கோப்புக்கு அலுவலகம் கொடுக்கும் எண். தன்பதிவேடு என்பது தன்னிடம் வரும் கோப்புகளை எழுத்தர் பதிந்துவைக்கும் ஏடு. கடைசிக் கேள்விதான் உயிர். உங்களுக்குப் பின்னால் வந்த மனு உங்களுக்கு முன்னால் முடிந்திருந்தால், அது அவர்கள் ஏட்டிலேயே, அவர்கள் கையெழுத்திலேயே இருக்கும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. பல சமயம் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. தன்பதிவேட்டைக் கேட்ட மனு உள்ளே போன மறுவாரமே சர்வேயரின் போன் வருவதைப் பார்த்திருக்கிறேன். பதில் வந்தால் நகல் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளுக்குப் போங்கள். தாலுகாவில் வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி நடக்கிற சமயம் என்றால் அங்கேயும் கொடுங்கள்.

நேரடியாகப் பணம் கேட்கிறார்கள் என்றால் அது வேறு பாதை. லஞ்ச ஒழிப்புத்துறை 1964-லிருந்து இருக்கிறது. மாவட்டங்களில் பிரிவுகள் உண்டு. புகாரை எழுத்தில் கொடுங்கள்: யார், எந்தத் தேதி, எந்த இடத்தில், என்ன வார்த்தை சொல்லிக் கேட்டார், எவ்வளவு. மேலே சொன்ன வார்த்தைக் குறிப்பு இங்கேதான் கைகொடுக்கும். 'கவனிக்கணும்' என்றாரா, தொகை சொன்னாரா என்பது வழக்கில் பெரிய வித்தியாசம். பொறி வைப்பது என்று முடிவானால், ரூபாய் நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாதபடி பினாப்தலீன் பொடி தடவித் தருவார்கள். வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். வேறு துறை அரசு ஊழியர்கள் இரண்டு பேரைச் சாட்சியாக வைத்திருப்பார்கள். என்னிடம் மனு எழுதிய ஒரு விவசாயி இதைச் செய்தார். அந்த ரோஸ் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து அரக்கு வைத்ததை அவர் வந்து சொன்னபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. பயம் இருக்கத்தான் செய்யும். தனியாகப் போகாதீர்கள், வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போங்கள்.

சட்டத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. 1988-ன் ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-ல் திருத்தினார்கள். அதன்படி கொடுப்பதும் குற்றம். ஆனால் கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட்டால் பாதுகாப்பு உண்டு. முன்கூட்டியே புகார் கொடுத்துவிட்டு அவர்கள் சொல்கிறபடி கொடுப்பது குற்றமாகாது. இரண்டாவது, 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீரஜ் தத்தா வழக்கில், புகார்தாரர் இறந்துபோனாலோ பிறழ்சாட்சியாக மாறினாலோ கூட, சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டு லஞ்சம் கேட்டதை நிரூபிக்க முடியும் என்று சொன்னது. புகார் கொடுத்தவரை மிரட்டிப் பின்வாங்க வைத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்ற பழைய தைரியம் இதனால் கொஞ்சம் குறையும் என்று நம்புகிறேன்.

அக்கா மகள் அடுத்த வாரம் வருகிறாள். திங்கட்கிழமை வராதே, பாதிப் பேர் கலெக்டர் அலுவலகம் போய்விடுவார்கள், செவ்வாய் காலை பத்தே காலுக்கு வா என்று சொல்லியிருக்கிறேன். வருகிறவர்களிடம் மூன்றே கேள்விதான் கேட்க வேண்டும்: இது எத்தனையாவது தடவை, இன்றைக்கு எவ்வளவு கூலி போச்சு, கையில் சீட்டு இருக்கா? பெயர் கேட்கக் கூடாது. உட்கார என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறேன்.